நீச்சல்குளம் உள்ள வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு

புரோக்கர் கேட்டைத் திறந்ததும் உங்களை வீட்டுக்குள் கூட்டிப்போக மாட்டார். பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு நேராகப் பின்பக்கம் நடப்பார். அங்கே நீல டைல்ஸ் மின்ன நீச்சல்குளம். "எப்படி சார்?" என்று ஒரு கேள்வி. பாதிப் பேரம் அங்கேயே முடிந்துவிடும். சென்னை மேற்கு மாம்பலத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் பல வருடம் இருந்துவிட்டு ஈஞ்சம்பாக்கத்துக்குப் போன எனக்கும் அப்படித்தான் முடிந்தது. சமையலறையில் ஜன்னல் இருக்கிறதா என்றுகூட அன்றைக்குப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன், பெரும்பாலும் காசு கொடுத்து. இப்படிப்பட்ட வீட்டில் ஹால், மாடி, தோட்டம் எல்லாம் மற்ற பெரிய வீடுகளில் இருப்பதுதான். வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வடிகிறது என்று விசாரித்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். வாடகைக்கானாலும் சரி, வாங்குவதற்கானாலும் சரி, வரிசை இதுதான்.

முதலில் தெரு, பிறகு வீடு

போரூர், ஓ.எம்.ஆர். பக்கம் கேட்டட் கம்யூனிட்டி வில்லாக்களில் குளம் இருக்கும். ஆனால் தனி வீடு, தனிக் குளம் என்றால் சென்னையில் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, பனையூர், உத்தண்டி, அதைத் தாண்டி கானத்தூர், முட்டுக்காடு, கோவளம். 2011 விரிவாக்கத்துக்குப் பிறகு உத்தண்டி வரை சென்னை மாநகராட்சி. கானத்தூரில் ஊராட்சி தொடங்கிவிடும். குப்பை வண்டி, தெருவிளக்கு, சொத்துவரி எல்லாம் அந்தக் கோட்டில் மாறும். உத்தண்டியில் டோல் இருக்கிறது, தினமும் ஊருக்குள் போய்வருகிறவர்கள் அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இந்தப் பகுதியின் நிலத்தைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் ஒரு மணல் பட்டை. பழைய மணல் மேடுகள் இருக்கிற இடம் உயரம். மேற்கே கால்வாயை நோக்கிப் போகப் போகத் தரை இறங்கும். மழைத்தண்ணீரும் அந்த வழியாகத்தான் இறங்கும். ஆகவே ஒரே தெருவின் இந்த முனையில் இருக்கும் வீடு காய்ந்து கிடக்கும்போது அந்த முனையில் முட்டி அளவு தண்ணீர் நிற்கலாம்.

இதைத் தெரிந்துகொள்ள வீட்டுக்காரரைக் கேட்டுப் பயனில்லை. தெருமுனை டீக்கடையில், இஸ்திரி வண்டிக்காரரிடம், எதிர்வீட்டு வாட்ச்மேனிடம் கேளுங்கள். "2015ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணே? மிக்ஜாம் அப்போ?" என்றால் போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் இங்கே யாரும் மறக்கவில்லை. கையைக் காட்டி முட்டியா இடுப்பா என்று சொல்லிவிடுவார்கள். காம்பவுண்டு சுவரின் உட்பக்கமும் பாருங்கள். புது பெயின்ட் அடித்திருந்தாலும் மோட்டார் ரூம் சுவர், கேட்டின் அடிப்பக்கம், செப்டிக் டேங்க் ஓரம் இவற்றில் பழைய தண்ணீர்க் கறை கோடாக இருக்கும்.

இன்னொரு அடையாளம் கேட்டிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே போகும்போது ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா? பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுப் பல தெருக்களில் சாலை வீட்டைவிட உயர்ந்துவிட்டது. இறங்கிப் போகிற வீடு என்றால் முதல் கனமழைக்கே தெருத்தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து நீச்சல்குளத்துக்கு வந்துவிடும். அந்த வீட்டை நான் இரண்டாவது முறை பார்க்கப் போக மாட்டேன்.

காகிதம்

வாடகைக்குப் போகிறவர்கள் முதலில் குளத்துக்கு என்று ஒரு பத்தி எழுதி வாங்குங்கள். மோட்டார் எரிந்தால் யார் செலவு, டைல்ஸ் பெயர்ந்தால் யார், ஃபில்டர் மணல் மாற்றுவது யார். இதை எழுதாமல் போனால் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், வீட்டுக்கான அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான், ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். நடப்பில் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பார்கள். சட்டத்தைச் சொல்லிப் பேசிப் பாருங்கள், கொஞ்சமாவது இறங்கி வருவார்கள்.

வாங்குகிறவர்களுக்கு வேலை அதிகம். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்றிதழ், பட்டா, புலப்பட வரைபடம் இவை எந்த வீட்டுக்கும் பார்ப்பவை. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். ஆனால் இந்தப் பக்கம் கூடுதலாக மூன்று விஷயம்.

ஒன்று, கடலோர ஒழுங்குமுறை விதி, சுருக்கமாக சிஆர்இசட். உச்ச அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை இந்த விதி பாயும். அதற்குள் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதற்கும், நிலத்தடி நீரை உறிஞ்சுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. கடலுக்கு எதிரே என்று பெருமையாகச் சொல்லப்படும் வீட்டுக்குத்தான் இந்த அனுமதியை முதலில் கேட்க வேண்டும். இரண்டு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் நீச்சல்குளம் இருக்கிறதா? பல வீடுகளில் வீடு மட்டும் வரைபடத்தில் இருக்கும், குளம் பிற்பாடு தோண்டியதாக இருக்கும். மூன்று, புறம்போக்கு. நான்கு கிரவுண்டு என்பார்கள், அதாவது 9,600 சதுர அடி. சர்வேயரை வைத்து அளந்தால் குளத்தின் ஓரம் பட்டாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அளக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பெரிய வீட்டுக்கு இந்த 9 சதவீதமே ஒரு சின்ன ஃபிளாட் விலை வந்துவிடும்.

வாஸ்து பார்க்கிறவர்கள் ஈசானிய மூலையில் குளம் இருந்தால் நிம்மதியாக இருப்பார்கள். தென்மேற்கில் இருந்தால் வீட்டுப் பெரியவர்கள் ஒருநாளும் விடமாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டே அவர்களைக் கூட்டிப்போங்கள், அலைச்சல் மிச்சம்.

தண்ணீர்க் கணக்கு

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.3 மீட்டர். வீட்டுக் குளத்துக்கு இது நடுத்தர அளவு. பெருக்கினால் 41,600 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் மூன்றரை லோடு. ஒரு தடவை நிரப்பினால் ஒழுங்காகப் பராமரிக்கும்வரை வருடக்கணக்கில் மாற்ற வேண்டியதில்லை என்பது நல்ல செய்தி. சித்திரை, வைகாசி வெயிலில் நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் ஆவியாகும் என்பது மற்றது. அந்தப் பரப்புக்கு அது 160 முதல் 190 லிட்டர். அதோடு ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவும் பேக்வாஷுக்கு ஒவ்வொரு தடவையும் சில நூறு லிட்டர் போகும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து? பெரும்பாலும் போர்வெல். கடலோர மணலில் மழைத்தண்ணீர் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேல் ஒரு படலமாக மிதந்துகொண்டிருக்கும். நிதானமாக எடுத்தால் நல்ல தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். பெரிய மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், ஏறினால் சீக்கிரத்தில் இறங்காது. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் உறிஞ்சினாலும் உங்கள் போர்தான் கரிக்கும். 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பை இங்கே ஏட்டுக்கு வைத்திருக்கிறார்களா, உண்மையிலேயே மொட்டைமாடிக் குழாய் உறைகிணற்றில் இறங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். நல்ல படலத்துக்கு அதுதான் தீனி.

வீடு பார்க்கப் போகும்போது ஒரு டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி, எடுத்துப் போங்கள். விலை மலிவு, பேனா அளவுதான். குடிநீருக்கு இந்தியத் தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. குளத்துக்கும் 2,000-க்கு மேல் காட்டினால் நான் யோசிப்பேன். ஏணி, மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் உப்பு அரித்துவிடும்.

கூடவே ஒரு கண்ணாடி டம்ளர், கொஞ்சம் பிளீச்சிங் பவுடர். போர் தண்ணீரை டம்ளரில் பிடித்து ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீரில் இரும்பு இருந்தால் பழுப்பு நிறமாகிவிடும். நாங்கள் இதைச் செய்யவில்லை. முதல்நாள் குளம் நிரம்பியபோது பளிங்கு மாதிரி இருந்தது, குழந்தைகள் குதித்தார்கள். சாயங்காலம் குளோரின் போட்டோம். மறுநாள் காலையில் 40,000 லிட்டர் டிகாஷன்.

2019 கோடையில் ஊரே குடத்தோடு நின்றபோது லாரி சொன்னால் வாரக்கணக்கில் வரவில்லை. நெம்மேலியில் 2013-இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும், 2024-இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் வந்திருக்கின்றன. அது குடிக்கிற தண்ணீர். அதை நம்பிக் குளத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

குளத்தைச் சோதிப்பது

கையெழுத்துப் போடுவதற்கு முன் குளத்தை நிரப்பி, மோட்டாரை ஒருநாள் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காலியாக இருக்கிற குளத்தைக் காட்டி "கழுவி வைச்சிருக்கோம் சார்" என்றால் சந்தேகப்படுங்கள்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க வாளி போதும். வாளியில் தண்ணீர் பிடித்து, பாதி முங்கும்படி குளத்தின் படிக்கட்டில் வைத்து, வாளிக்குள் ஒரு கோடு, வெளியே குளத்து மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டு மட்டமும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. வெளிக்கோடு அதிகம் இறங்கியிருந்தால் கசிவு.

ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே ஓரத்தில் நடந்தால் பொள்ளலாகச் சத்தம் வரும் இடங்கள் தெரியும். அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாய் ஒன்றுக்கு இரண்டாக, தள்ளித் தள்ளி, உடையாத மூடியோடு இருக்க வேண்டும். ஒற்றை வாய் என்றால் அதன் இழுப்பில் குழந்தையின் முடியோ கையோ சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

மின்சாரத்தில் சமாதானமே கூடாது. குளத்து மோட்டாருக்கும் விளக்குக்கும் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி (மின்கசிவு இருந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), எர்த், தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட். நம்பிக்கையான எலெக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் ஈஎல்சிபி விழுகிறதா என்று டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏணி, கைப்பிடி எல்லாம் 316 ரக ஸ்டீலாக இருந்தால் கடல் காற்றைத் தாங்கும். சாதாரண 304 சீக்கிரமே துருப்பொட்டு வைத்துவிடும்.

மோட்டார் ரூம் எங்கே? பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பல வீடுகளில் தரைக்குக் கீழே குழி தோண்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். முதல் ஐப்பசி மழையிலேயே மோட்டார் முங்கிப் புகைந்தது. தரைக்கு மேல் ஓரடி மேடையில் இருப்பதே சரி.

குடிபோகும் முன் வேலி

குழந்தை இருக்கிற வீடு, பேரன் பேத்தி வந்துபோகிற வீடு, யாருமே வராத வீடு, எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். குளத்தைச் சுற்றி நாலடிக்குக் குறையாத வேலி, ஏறுவதற்குப் பிடிமானம் இல்லாத செங்குத்துக் கம்பிகள், தானாக மூடிக்கொள்ளும் கதவு, தாழ்ப்பாள் சின்னக் கைக்கு எட்டாத உயரத்தில். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் மறுத்தால் கழற்றி மாட்டும் வலை வேலி போடுங்கள். அதற்கும் மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.

தண்ணீரில் விழுந்த குழந்தை கத்தாது, அடித்துக்கொள்ளாது, சத்தமில்லாமல் முங்கிவிடும். பந்து, வாத்து பொம்மை எதையும் குளத்தில் மிதக்க விடாதீர்கள், எடுக்கப் போய்த்தான் விழுகிறார்கள். நீளக் கம்பு ஒன்றும் மிதவை வளையம் ஒன்றும் வேலியிலேயே கட்டித் தொங்கட்டும்.

அன்றாடம்

காலையில் வலையால் இலை அள்ளுவது. வேம்பும் சவுக்கும் அருகில் இருந்தால் இது கொஞ்சம் பெரிய வேலை. பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ மேலே மாவு தூவின மாதிரி படிந்திருக்கும், பார்க்க அழகு, ஃபில்டருக்கு எமன். தென்னை மட்டை விழுகிற தூரத்தில் மரம் இருந்தால் ஆளை வைத்து மட்டையையும் காயையும் முன்கூட்டியே இறக்கிவிடுங்கள்.

மோட்டார் தினமும் ஆறு மணி நேரம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்றால் ஏறக்குறைய 0.75 கிலோவாட், நாளுக்கு நாலரை யூனிட், இரண்டு மாத ஈபி கணக்குக்கு 270 யூனிட். வீட்டுக்கான 100 யூனிட் இலவசமெல்லாம் குளத்திலேயே கரைந்துவிடும்.

வாரத்துக்கு இரண்டு நாள் வரும் பராமரிப்பு ஆள், டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளி வீசிவிட்டுப் போவார். அவரை நம்பி நாங்கள் ஒரு வருடம் கண்ணெரிச்சலோடு இருந்தோம். சொட்டு மருந்து மாதிரி வரும் டெஸ்ட் கிட் வாங்கிவிடுங்கள். மஞ்சள் சொட்டு குளோரினுக்கு, சிவப்புச் சொட்டு பிஎச் அளவுக்கு. பிஎச் 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). பெரும்பாலும் கண் எரிவது குளோரின் அதிகமானதால் அல்ல, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போன குளோரினால். இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொன்னாலே பாதி எரிச்சல் போய்விடும்.

குளோரினைச் சூரியன் மறைந்த பிறகு போடுங்கள். சென்னை வெயில் பிளீச்சிங் பவுடரில் இருக்கும் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். டிசிசிஏ என்று வரும் குளோரின் மாத்திரையில் வெயிலைத் தாங்கும் பொருள் கூடவே இருக்கிறது. ஆனால் அந்தப் பொருள் ஆவியாகாமல் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் குளோரினையே வேலை செய்யவிடாது. அப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கும். இந்த மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். மருந்தைத் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆசிட் கேனை இவற்றின் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

ஃபில்டரின் பிரஷர் மீட்டர், சுத்தமாக இருக்கும்போது காட்டியதைவிட 8 அல்லது 10 பிஎஸ்ஐ கூடினால் பேக்வாஷ். அந்தத் தண்ணீரைத் தெருவில் விடாமல் உங்கள் மணலிலேயே உறிஞ்சுகுழி வெட்டி விடுங்கள்.

மழைக்காலத்தில் காலி செய்யாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு கார்த்திகை மாதம். மூன்று நாள் அடைமழை, கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. நாலாம் நாள் குளம் பாசி பிடித்துப் பச்சை. பராமரிப்பு ஆள் வந்தார். "காலி பண்ணி ஒரு தேய் தேய்ச்சிடலாம் சார், மழை பெய்யுது, தண்ணிக்கா பஞ்சம்?" எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சாயங்காலத்துக்குள் இறைத்துவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பின்பக்கம் 'டொப்' என்று ஒரு சத்தம், பெரிய அண்டா கவிழ்ந்த மாதிரி. காலையில் போய்ப் பார்த்தால் ஆழப்பக்கத்தின் தரை நடுவில் உப்பிக்கொண்டு நின்றது. உப்பிய இடத்தில் டைல்ஸ் சில்லுச் சில்லாக நட்டுக்கொண்டிருக்க, விரிசல் வழியாகத் தண்ணீர் ஊற்று மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. கையில் எடுத்துச் சுவைத்துப் பார்த்தேன், நல்ல தண்ணீர்.

நடந்தது இதுதான். மழைக்காலத்தில் இந்த மணலில் நிலத்தடி நீர் தரைக்கு ஓரிரு அடி கீழே வந்துவிடும். அப்போது குளம் என்பது தண்ணீருக்குள் அமுங்கியிருக்கும் ஒரு தொட்டி. உள்ளே இருக்கும் 40 டன் தண்ணீர்தான் அதைக் கீழே அமுக்கிப் பிடித்திருக்கிறது. அதை இறைத்துவிட்டால் தொட்டி ஓடம் மாதிரி மிதக்கப் பார்க்கும். மிதக்க முடியாவிட்டால் அடி உடையும். சில குளங்களில் இந்த அழுத்தத்தை உள்ளே விடும் வால்வு அடியில் இருக்கும். இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தாலும் நம்பிக் காலி செய்யாதீர்கள்.

பச்சையானால் ஆகட்டும். சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்து, குளோரினை 10 பிபிஎம் அளவுக்கு ஏற்றி, மோட்டாரை இரவு பகலாக ஓட்டினால் மூன்று நான்கு நாளில் தெளிந்துவிடும். குளோரின் 3-க்கு இறங்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. நிரம்பி வழிந்தால் நாலு அங்குலம் மட்டும் இறக்கலாம். ரிப்பேர், டைல்ஸ், பெயின்ட் எல்லாம் பங்குனிக்கு அப்புறம், நிலத்தடி நீர் இறங்கிய பிறகு.

ஊருக்குப் போவதானாலும் மோட்டார் ஓட ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். தேங்கிய நல்ல தண்ணீர்தான் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம். மாநகராட்சி ஊழியர்கள் புழுவைக் கண்டால் அபராதம் போடுவார்கள், போடுவதும் நியாயம். மழையில் தவளை வரும், அதைத் தேடிச் சாரை வரும். ஏறிப்போக ஒரு பலகையைச் சரித்து வையுங்கள், தானே போய்விடும்.

எப்போது பார்ப்பது, எப்போது போவது

நம் காலண்டரே இதற்கு வசதியாக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வீடு பாருங்கள், முடிந்தால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே. ஒரு சனிக்கிழமை இரவும் அந்தத் தெருவுக்குப் போய் நின்று பாருங்கள். பக்கத்து பங்களாவை வார இறுதிப் பார்ட்டிக்கு வாடகைக்கு விடுகிறார்களா என்பது ஸ்பீக்கர் சத்தத்திலேயே தெரிந்துவிடும். மார்கழியில் எப்படியும் யாரும் குடிபோக மாட்டார்கள், அந்த ஒரு மாதத்தைக் காகிதத்துக்கும் வேலிக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தை பிறந்ததும் பால் காய்ச்சலாம்.

அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் குழந்தை குட்டிகளோடு வருவார்கள். பெரியவர்கள் சமையல்கட்டிலும் பந்தியிலும் இருப்பார்கள், குழந்தைகள் நேராகப் பின்பக்கம்தான் ஓடும். முந்தின நாளே வேலிக்கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள். சாவி சித்தியோ அத்தையோ ஒருத்தர் இடுப்பில் இருக்கட்டும், அவர் சாப்பிட உட்காரும்போது இன்னொருத்தர் கைக்கு மாறட்டும்.